வேலை அட்டவணையில் ஒரு நீலப் பட்டை

படவரைஞராக இருந்து நான் ஓய்வு பெற்ற அன்று, அரசாங்கக் கட்டட வேலைகளைப் பார்க்கும் எங்கள் கந்தோரில் எனக்குத் தேநீர் விருந்து வைத்தீர்கள். கேக் வெட்டி, எல்லாரும் என்னைப் பற்றி நல்லது நல்லதாகச் சொல்லி முடித்த பிறகு, அன்புவழிபுரத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த படவரைஞர் பிள்ளை மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், எங்கட கந்தோர் வேலை அட்டவணையில மட்டும் ஒக்ரோபரில இருந்து ஜனவரி வரைக்கும் ஒரு நீலப் பட்டை கீறுறம். நான் பயிற்சிக்கு நிண்ட இடத்தில அப்பிடி ஒண்டும் இல்லை. இது எதுக்கு மிஸ்?"

நான் வாயைத் திறக்கும் முன்னர் தலைமைப் படவரைஞர் பதில் சொல்லிவிட்டார். "அது இஞ்ச வழக்கம் பிள்ளை. கீறச் சொன்னாக் கீறும்."

வழக்கமாம். என் வாயில் கேக் இருந்தபடியால் அவர் தப்பினார். ஒரு மனிதர் தன் உத்தியோகத்தைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய பட்டை அது. சில வருடங்களுக்குள் அது வழக்கமாகிவிட்டது, காரணம் காணாமல் போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் கந்தோர் ஆண்டு மலர்க்காரர் வந்து, எங்கள் காலத்துப் பிழைகளை எழுதித் தரும்படி கேட்டார்கள். பிழைகளுக்கு என்ன பஞ்சம்? அதற்கென்று ஒரு தனி மலரே போடலாம். கொங்கிறீற்றுக் கலவையைப் பற்றியோ கம்பி கட்டுவதைப் பற்றியோ நான் எழுதப் போவதில்லை. அவற்றை நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பெரிய அரசாங்க வேலைகள் கலவையால் கெட்டதை நான் கண்டது குறைவு. பேசவேண்டிய நேரத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்ததால் கெட்டவைதான் அதிகம்.

முதலில் ஒரு சின்னக் கதை. நாடு சுதந்திரம் பெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் கந்தோருக்குப் புதுசு. நோயாளர் விடுதி ஒன்றைக் கட்டுவதற்குக் கொழும்பிலிருந்து படம் வந்தது. தீவு முழுவதற்கும் அதே படம்தான். அதைப் பிரதி எடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. தென்மேற்குப் பக்கம் முழுச் சுவர், வடகிழக்குப் பக்கம் திறந்த விறாந்தை. கொழும்புக்கு அது மிகவும் சரி. அங்கே பெருமழை தென்மேற்கிலிருந்து வருகிறது. எங்கள் ஊரில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து காய்ந்துபோய் வரும், மழையைக் கொண்டு வருவது வாடை. அது வடகிழக்கால் வரும்.

கட்டடம் எழும்பியது. திறப்பு விழா நடந்தது. மாரி தொடங்கியதும் வாடைக் காற்று மழையை அள்ளிக்கொண்டு நேரே நோயாளிகளின் கட்டிலுக்கு வந்தது. பல வருடங்களாக ஐப்பசி பிறந்தால் அந்த விறாந்தைக்குக் கிடுகுத் தட்டி கட்டினார்கள். அப்போதிருந்த எங்கள் பெரிய ஐயா வந்து பார்த்துவிட்டுச் சொன்னதை இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன். "படத்தில பிழையில்லை. மழைதான் பிழையான பக்கத்தால வருது" என்றார்.

அந்தப் படத்தை மேசன் பார்த்தார், கொந்தராத்துக்காரர் பார்த்தார், நானும் பார்த்தேன். ஐப்பசி மாதம் எங்கள் வீட்டுக் குசினி யன்னலில் எதைச் சாத்த வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்த அறிவைக் கந்தோருக்குக் கொண்டு வரவேண்டும் என்று மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கொழும்பிலிருந்து வந்த தாளை நாங்கள் வேதப் புத்தகம் போலத்தான் தொட்டோம்.

இனி ஜெட்டியின், அதாவது படகுத்துறை மேடையின், கதைக்கு வருகிறேன். இது எழுபதுகளின் நடுப்பகுதியில் நடந்தது.

விரிகுடாவின் தென்கரையில் இருந்த பழைய மர ஜெட்டியை உங்களில் பலர் பார்த்திருக்கமாட்டீர்கள். தூண்கள் ஒரு பக்கம் சாய்ந்து, இடையிடையே பலகை இல்லாமல், பார்த்தால் கால் வைக்கவே பயமாக இருக்கும். சம்பூர் முதற்கொண்டு அந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் பட்டணத்துக்கு வருவதற்கு அதில் நின்றுதான் மோட்டார்ப் படகான லோஞ்சில் ஏறவேண்டும். தரைவழியும் உண்டு. ஆனால் அந்த வழியில் ஆற்றுவாய்களைத் தோணித் துறைகளில் கடக்கவேண்டும். மாரியில் வெள்ளம் வந்தால் அவை நின்றுவிடும். அப்போது கடல்வழி மட்டும்தான் மிஞ்சும். வாடைக் கடல் கொஞ்சம் தணியும் நாள் பார்த்து லோஞ்ச் ஓடும். ஜெட்டி இருந்தால் நோயாளியைத் தூக்கி ஏற்றலாம். ஜெட்டி இல்லாவிட்டால் நெஞ்சளவு அலைக்குள் இறங்கவேண்டும், நோயாளியோடு அது ஏலாத காரியம்.

அந்த இடத்தில் புதிய கொங்கிறீற்று ஜெட்டி கட்டுவதற்கு அரசாங்கம் ஒப்புக்கொண்டது. தென்கரைச் சனம் எத்தனையோ வருடங்களாகக் கேட்டு வந்த ஜெட்டி. வேலையைப் பொறுப்பெடுக்கத் தெற்கே காலிப் பக்கத்திலிருந்து ஒரு எஞ்சினியர் மாற்றலாகி வந்தார்.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். சிங்களவர். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என்னைப் போலவே நாற்பதைத் தாண்டியவர். என்னோடு ஆங்கிலத்திலும் வேலையாட்களோடு கடைத்தெருவில் பழகிய தமிழிலும் கதைப்பார். நான் இங்கே எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன். யாரோடும் குரலை உயர்த்தமாட்டார். கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருப்பார். எங்கள் கந்தோரில் அதற்கு முன்னர் ஒருவரும் பதிலுக்காகக் காத்திருந்ததில்லை, அதனால் தொடக்கத்தில் எல்லாருக்கும் அவரோடு கதைக்க ஒருமாதிரி இருந்தது.

ஒரு நாள் தேநீர் நேரத்தில் சொன்னார், "எங்கள் ஊரில் மே மாதம் வெசாக்குக்குக் காகிதக் கூடு கட்டினால் பாதி நாளில் மழையில் கரைந்துவிடும்."

"எங்களுக்கு டிசம்பரில, நத்தாருக்குத்தான் சேர் அந்தக் கரைச்சல்" என்றேன். "புதுச் சட்டையும் குடையும் சேத்துத்தான் வாங்குவம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். புதிய ஜெட்டியின் வேலை அட்டவணை அந்த நேரம் அவருடைய முதுகுக்குப் பின்னால் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் தலையில் ஒன்றும் உறைக்கவில்லை.

அட்டவணை கொழும்பில் போடப்பட்டது. செப்ரெம்பரில் சாமான்கள் இறக்குவது, ஒக்ரோபரில் பழைய ஜெட்டியைக் கழற்றி எடுப்பது, நவம்பரில் அதே இடத்தில் புதிய தூண்களைக் கடலில் இறக்குவது, டிசம்பர் ஜனவரியில் மேல்தளம். கொழும்பில் இருந்து பார்த்தால் டிசம்பர்க் கடல் குளம் போல இருக்கும். காலியிலும் அப்படித்தான். எங்கள் விரிகுடாவில் அந்த மாதங்களில் மீன்பிடிக்காரரே வள்ளத்தை மணலில் இழுத்துவைத்துவிட்டு வலை பின்னுவார்கள்.

மார்ச் மாதமே வந்துவிட்ட தாள் அது. வேலையாட்களை மேற்பார்க்கும் ஓவசியர் கிண்ணியாக்காரர், கடற்கரையில் பிறந்தவர். அவர் பார்த்தார். களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர் பார்த்தார். ஒருநாள் நான் ஓவசியரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நவம்பரில தூண் இறக்க ஏலுமோ?"

"எப்பிடி மிஸ் ஏலும்?"

"அப்ப சேரிட்டச் சொல்லுங்கோவன்."

"மேல இருக்கிறவங்க யோசிக்காமலா போட்டிருப்பாங்க? ஏதும் மெசின் கொண்டு வருவாங்க போல." சொல்லிவிட்டு அவர் தன் வேலைக்குப் போய்விட்டார்.

எனக்குச் சொல்ல இன்னொரு தயக்கம் இருந்தது. என் தங்கச்சி தென்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். கணவனும் அங்கேதான் ஆசிரியர். அவளுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தது, நத்தாரை ஒட்டிப் பிறக்கவேண்டும். பேறு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நேரத்தோடு வா என்று நான் கெஞ்சினேன். பள்ளிக்கூடத் தவணை முடிய வருவதாக அவள் பிடிவாதம் பிடித்தாள். நான் எஞ்சினியரிடம் போய் ஜெட்டியை உடைக்கவேண்டாம் என்றால் கந்தோர் என்ன சொல்லும்? தங்கச்சிக்காக அரசாங்க வேலையை நிற்பாட்டப் பார்க்கிறாள் என்று சொல்லும். அந்தக் கதையைக் கேட்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை.

வேலையிடத்தில் தொங்கவிடுவதற்காக அட்டவணையைப் புதிதாகக் கீறித் தரும்படி எனக்குச் சொன்னார்கள். ஒக்ரோபர் தொடங்கிவிட்டது. ட்ரேசிங் தாளை விரித்துக் கோடுகளை எல்லாம் கீறி முடித்தேன். முடித்துவிட்டு நீலப் பென்சிலை எடுத்து, ஒக்ரோபர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி முடியும்வரை மேலிருந்து கீழாக ஒரு பட்டை தீட்டினேன். என் வாயால் வராததைக் கை செய்தது. காலையில் அவருடைய மேசையில் அதை வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

"இந்த நீலம் என்ன, மிஸ்?"

"மழை, சேர்."

அவர் தாளைத் திருப்பி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடலில் செய்யவேண்டிய வேலை முழுவதும், பழையதைக் கழற்றுவது தொடக்கம் தளம் போடுவது வரை, நீலத்துக்குள் முழுகிக் கிடந்தது.

"கடல்?"

"லோஞ்சே சில நாள்தான் ஓடும்."

ஓவசியரையும் களஞ்சியக்காரரையும் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். "இது உண்மையா?" என்று கேட்டார். ஓம் என்றார்கள். "உங்களுக்கு முன்னமே தெரியுமா?" ஓம் என்றார்கள். "பிறகு ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

களஞ்சியக்காரர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "மேல இருந்து வந்ததுதானே சேர்."

அவர் ஒருவரையும் ஏசவில்லை. "மிஸ், இந்தத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். காலை லோஞ்சில் தென்கரைக்குப் போனோம். ஜெட்டி நுனியில் வேலையாட்கள் அலவாங்கால் பலகையை நெம்பிக்கொண்டு நின்றார்கள். ஏற்கெனவே கொஞ்சப் பலகை கழன்று கரைக்குப் போய்விட்டது. எங்களை இறக்குவதற்கே லோஞ்ச்காரர் பாடுபட்டார்.

எஞ்சினியர் பலகை கழன்ற இடைவெளிக்கு இந்தப் பக்கம் நின்று கடலைப் பார்த்தார். கடல் அன்றைக்கு அப்பாவி போலக் கிடந்தது. பிறகு ஓவசியரைப் பார்த்துத் தன் தமிழில் சொன்னார், "பலகை எல்லாம் திரும்ப அடிக்க வேணும். சாஞ்ச தூணுக்கு முட்டுக் குடுக்க வேணும். உடைக்கிறது இல்லை."

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. ஆனால் கதை அதோடு முடியவில்லை.

அடுத்த நாள் தென்கரையிலிருந்து ஊர்ப் பெரியவர்கள் சிலர் கந்தோருக்கு வந்தார்கள். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதிரை போட்டேன். வந்தவர்களில் மூத்தவர் உட்காரவே இல்லை.

"சேர், பழசை உடையுங்கோ" என்றார். "பழசு நிண்டா புதுசு வராது. அரசாங்கத்தை எங்களுக்குத் தெரியும். பழசு போனாத்தான் அவையளுக்கு வேற வழியில்லாமல் கட்டித் தருவினம்."

"மழைக்குள் உங்கள் நோயாளிகளை எப்படிக் கொண்டு வருவீர்கள்?"

"ஒரு மாரிதானே. தாங்குவம். இதை விட்டா எங்கட பேரப்பிள்ளையளும் இந்தப் பலகையிலதான் நடக்கும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் அதை உங்களுக்கு மறைக்கமாட்டேன். எத்தனை ஊரில் அடிக்கல்லோடு நின்றுபோன வேலைகளை நான் பார்த்திருக்கிறேன். அன்று பின்னேரம் கொழும்பிலிருந்து ட்ரங்க் கோல் வந்தது. கதவு திறந்திருந்தது, அந்தப் பக்கத்தில் போட்ட சத்தத்தில் எங்களுக்கும் கேட்டது. வருடம் முடியும் முன்னர் கடலில் வேலை தொடங்காவிட்டால் ஒதுக்கிய காசு திரும்பிப் போகும், அடுத்த முறை உங்கள் மாவட்டத்துக்கு ஜெட்டி கிடைக்கும் என்று நினைக்கவேண்டாம், உடைத்துவிட்டுத் தந்தி அடியுங்கள் என்றார்கள். அவர் "விளங்குகிறது சேர்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

மேலேயும் உடைக்கச் சொன்னார்கள், சனமும் உடைக்கச் சொன்னது. வேண்டாம் என்று சொன்னது ஒரு நீலப் பென்சில் மட்டும்தான். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்திருக்கிறேன், ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "நான் சொல்லக்கூடாது சேர்" என்றேன். தங்கச்சியின் கதையைச் சொன்னேன். "நான் எதைச் சொன்னாலும் அவளுக்காகச் சொல்லுறது போலத்தான் இருக்கும்."

அவர் தந்திப் படிவத்தைத் தன் முன்னால் இழுத்துவைத்தார். "யாரோ ஒருவருடைய தங்கச்சிக்காகத்தானே மிஸ் ஜெட்டி கட்டுகிறோம்" என்றார்.

பழைய ஜெட்டி உடைக்கப்படமாட்டாது என்று அன்றே தந்தி போனது. காசு முழுவதும் திரும்பாமல் இருப்பதற்காக, புதிய தூண்களைப் பட்டணத்து முற்றத்தில் தகரக் கூரை போட்டு வார்க்கத் தொடங்கினார். நிலத்தில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் நிலத்தில் செய்தார். அது கொழும்புக்குப் போதவில்லை. தென்கரையிலிருந்து அவருக்கு எதிராக மனுவும் போனது.

அந்த வருடம் மாரி நன்றாகவே வந்தது. தோணித் துறைகள் நின்றன. டிசம்பர் மாதம் ஒரு முற்பகல், தென்கரைத் தபால் கந்தோரிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. தங்கச்சிக்குக் கை கால் எல்லாம் வீங்கி, கண் மங்கலாகிவிட்டதாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டாராம். நான் பட்டணத்து ஜெட்டிக்கு ஓடிப்போய் மழைக்குள் நின்றேன். அவ்வளவு நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

லோஞ்ச் வந்தபோது அவளைப் பள்ளிக்கூடத்துக் கதிரையில் வைத்தபடியே இறக்கினார்கள். அவளுக்குப் பின்னால் எஞ்சினியர் இறங்கினார். முட்டுக் கொடுத்த தூண்களைப் பார்க்கக் காலையில் அங்கே போனவர். சப்பாத்து முதல் தலைமயிர் வரை நனைந்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, கந்தோர்ப் பக்கம் நடந்துபோனார்.

பிள்ளையை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேருமே இல்லை என்றார் டாக்டர். தங்கச்சி கண் திறந்து கதைக்கத் தொடங்கியதும் எனக்குச் சொன்னாள்.

"அக்கா, ஜெட்டியில கதிரையைத் தூக்கிக்கொண்டு வரேக்க அந்தச் சேர் முன்னால நடந்தவர். ஒவ்வொரு பலகையா மிதிச்சுப் பாத்து, மிதிச்சுப் பாத்து, தலையை ஆட்டின பிறகுதான் இவையளை வரவிட்டவர்."

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அந்த நாளுக்கு முன்னரே பிடித்திருந்தது. இந்த வயதில் இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கம் இல்லை. அப்போது சொல்லாமல் விட்டதற்குத்தான் வெட்கம்.

ஜனவரி மாதம் அவருக்கு இடமாற்றம் வந்தது. எதற்கு என்று அதில் எழுதியிருக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். தெற்கே ஒரு சின்னக் கந்தோர். பெரிய வேலை ஒன்றும் இல்லாத இடம். வருடக் காசின் பெரும்பகுதி திரும்பிப் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். அந்தத் தாள் மார்ச் மாதம் வந்தது. வந்த வாரமே நாங்கள் யாராவது "டிசம்பர் இங்கே மழை" என்று சொல்லியிருந்தால், கொழும்புக்கு ஒரு சாதாரணக் கடிதம் எழுதி, திகதிகளை மாற்றி, காசையும் காப்பாற்றியிருக்கலாம். கோடை முழுவதும் கடல் எங்களுக்குச் சும்மா கிடந்தது. ஒக்ரோபரில் சொன்னபடியால் அதே திருத்தத்துக்கு ஒரு மனிதரைக் கொடுக்கவேண்டி வந்தது. முன்னுக்குச் சொன்னால் அது ஒரு யோசனை. பிந்திச் சொன்னால் அதை யாராவது தலையில் சுமக்கவேண்டும். உங்களுக்குத் தெரிந்த ஒன்று மேலிருந்து வந்த தாளில் இல்லை என்றால், மேலே இருப்பவர்களுக்கு அது தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மரியாதை காரணமாக வாயை மூடாதீர்கள். நாங்கள் அப்படிக் காட்டிய மரியாதையில் நல்லவர் ஒருவர்தான் போனார்.

இன்னொன்று. புதியது நிற்கும் முன்னர் பழையதைக் கழற்றாதீர்கள். சனமே வந்து கேட்டாலும் கழற்றாதீர்கள். சனம் அப்படிக் கேட்பது அரசாங்கத்தில் நம்பிக்கை இல்லாதபடியால். அந்த நம்பிக்கையை உண்டாக்குவதும் உங்கள் வேலைதான்.

போகும் அன்று காலை அவர் என் மேசைக்கு வந்தார். எல்லாரும் இருந்தபடியால் இரண்டு பேரும் நின்றுகொண்டே கதைத்தோம்.

"உங்கள் அட்டவணையின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போகிறேன்" என்றார்.

"அங்க அது பொருந்தாது சேர். உங்கட மழை வேற."

"தெரியும். அங்கே நானே கீறுவேன்."

ஜீப் போனது. நான் உட்கார்ந்து பென்சில் சீவினேன். அன்று எத்தனை பென்சில் சீவினேன் என்று கேட்காதீர்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு எனக்கு ஒரு நீண்ட உறை வந்தது. உள்ளே ட்ரேசிங் தாளில் அவருடைய புதிய இடத்தின் வேலை அட்டவணை. எங்களுடைய அளவிலேயே, மாதம் மாதமாகக் கீறப்பட்டிருந்தது. அதில் மே மாதத்திலிருந்து நவம்பர் வரை நீலப் பட்டை. அவருக்குத் தீட்டத் தெரியாது. குழந்தை தீட்டியது போலக் கோட்டுக்கு வெளியே போயிருந்தது.

நான் என்னுடைய தாளை எடுத்து, அவருடைய தாளை அதன்மேல் வைத்து, யன்னல் கண்ணாடியில் பிடித்தேன். அவருடைய பட்டை முடியும் முன்னரே என்னுடையது தொடங்கியது. இரண்டும் சேர்ந்து வருடத்தை ஏறக்குறைய மூடிவிட்டன. பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் மட்டும் வெளிச்சமாகக் கிடந்தது. அந்த வெளிச்சத்துக்குள் பென்சிலால் சின்னதாக ஒரு வரி எழுதியிருந்தார். "இரண்டு ஊரிலும் வெயில் உள்ள மாதங்கள். வரும் மார்ச்சில் ஜெட்டி பார்க்க வரட்டுமா?"

வரட்டுமா என்று கேட்டிருந்தார். கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவர் அவர்.

காசு மறுபடி ஒதுக்கப்பட்டு, அவர் முற்றத்தில் வார்த்துவைத்த தூண்கள் அப்போது கடலில் இறங்கத் தொடங்கியிருந்தன. வரும் மார்ச்சில் அது பாதியில்தான் நிற்கும். தூண் மட்டும் நிற்கிற கடலை அவருக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. தான் உத்தியோகத்தைப் பணயம் வைத்த ஜெட்டியை அவர் முழுசாகப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். "கட்டி முடியட்டும் சேர், முடிந்த பிறகு வாருங்கள்" என்று பதில் எழுதினேன். அரசாங்க வேலையில் இவ்வளவு காலம் இருந்த ஒருத்தி, முடியும் நாளை நம்பி எழுதினேன்.

வழக்கம்போல அது இழுபட்டது. சீமெந்துத் தட்டுப்பாடு வந்தது, வேறு எஞ்சினியர் வந்தார், தேர்தல் வந்தது. அதற்குள் இன்னும் ஒரு மார்ச் போனது. ஜெட்டி கட்டி முடிந்து, திறந்துவைத்தவரின் பெயரைக் கல்லில் வெட்டி, தென்கரைப் பெரியவர்கள் மாலையோடு நின்ற நாளில் நான் அவருக்கு எழுதினேன். கடிதம் திரும்பி வந்தது. பாலைவன நாடு ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அங்கே மழை பெய்வதே இல்லையாம். அங்கே எந்த மாதத்துக்கு நீலம் தீட்டுவார் என்று நினைத்துக்கொள்வேன்.

திரும்பி வந்தாரா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் விசாரிக்கவில்லை. ஆனால் கந்தோரில் எந்த அட்டவணை கீறினாலும் அந்தப் பட்டையைத் தீட்டாமல் விட்டதில்லை. மற்றவர்களும் பார்த்துத் தீட்டினார்கள். அதுதான் பிள்ளை, உன் தலைமைப் படவரைஞர் சொல்லும் வழக்கம்.

இனி நீ அதைக் கீறும்போது அது மழை என்று தெரிந்து கீறு. அதற்குள் யாராவது கடல் வேலை போட்டிருந்தால் மார்ச் மாதமே எழும்பிப் போய்ச் சொல்லு. உன் சொந்தத் தங்கச்சி அந்தக் கரையில் இருந்தாலும் சொல்லு. வேலை முடியட்டும் என்று வேலையைத் தவிர வேறு எதையும் தள்ளிப்போடாதே. அரசாங்கத்தின் வேலைகள் முடிகிறபடி முடியும். மனிதருக்கு வெயில் மாதங்கள் கொஞ்சம்தான்.

ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதத்தில் ஒரு நாள் லிங்கநகரிலிருந்து புறப்பட்டு லோஞ்சில் தென்கரைக்குப் போவேன். தங்கச்சியின் மகள் ஜெட்டிக்கு வந்து காத்திருப்பாள். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள், வாய் அதிகம். ஜெட்டி நல்ல கொங்கிறீற்று. அவர் வார்த்த தூண்களில் ஒரு வெடிப்பும் இல்லை. என்றாலும் நான் ஒவ்வொரு அடியாக மிதித்துப் பார்த்துத்தான் நடப்பேன். அவளுக்குப் பொறுமை கெட்டுவிடும்.

"பெரியம்மா, இது உடையாது. கெதியா வாங்கோ."

"உடையாது எண்டு தெரியும் பிள்ளை" என்பேன். "இதைப் பாக்க வரட்டுமா எண்டு ஒருத்தர் கேட்டவர். அவருக்காகப் பாத்துக்கொண்டு வாறன்."